இரண்டு முறை கண் சிமிட்டவும்

மார்ச் 4

தம்பிக்கு,

நாள் முழுவதும் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு பேசிவிட்டு வருகிறவளுக்கு, வீட்டிலும் போனைக் காதில் வைக்கப் பிடிக்காது. அதனால் மின்னஞ்சலில் எழுதுகிறேன். நடந்ததை வரிசை தவறாமல் சொன்னால்தான் உன் தொழிலில் இருப்பவர்களுக்கு விளங்கும் என்பது இன்னொரு காரணம்.

மருத்துவமனையில் ஒரு சுற்றறிக்கை வந்திருக்கிறது. மாற்றுத்திறனாளி ஒதுக்கீட்டில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் எல்லோரும் இந்த மாதம் 31-ஆம் தேதிக்குள் அரசின் மறுபதிவுத் தளத்தில் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காதவர்களின் பணியிடம் காலியானதாகக் கருதப்படும். மருத்துவமனை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எனக்குப் பத்தொன்பது வருட சர்வீஸ். என் சம்பளத்தை விட்டால் எனக்கு வேறு வழி இல்லை என்பது உனக்கே தெரியும்.

தளம் நன்றாகவே இருந்தது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு கட்டமும் தன் பெயரைச் சொல்லியது. எங்கும் திக்கவில்லை, எங்கும் தொலைந்து போகவில்லை. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் என் போனின் ஸ்கிரீன் ரீடரை வைத்துக்கொண்டே நாற்பது நிமிடத்தில் ஏழு பக்கங்களை முடித்தேன். எட்டாவது பக்கம் முக உறுதிப்பாடு. கேமரா தானாகத் திறந்தது. ஒரு பெண்குரல், "கண்ணாடியைக் கழற்றவும்" என்றது. கழற்றினேன். "கண்களைத் திறந்து இரண்டு முறை சிமிட்டவும்" என்றது.

முதலில் சிரிப்புதான் வந்தது. இரண்டு வயதில் எடுத்துவிட்ட கண்ணை எங்கே போய்த் திறப்பது? பதினோரு முறை முயன்றேன். புருவத்தை ஏற்றினேன். கன்னத்தைச் சுருக்கினேன். ஒட்டிக் கிடக்கிற இமையை விரலால் பிடித்துத் தூக்கியும் பார்த்தேன். ஒவ்வொரு முறையும், "உயிருள்ள நபர் கண்டறியப்படவில்லை." பதினோராவது முறை எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

எதிர்வீட்டுத் தையல்காரம்மா அப்போது கூட இருந்தார். "கண்ணு இல்லேன்னு எழுதிக் குடுக்கத்தானே இந்தச் சான்றிதழ்? கண்ணத் தெறந்து காட்டுனா அப்புறம் அது எதுக்கு?" என்று கேட்டார். இதற்குப் பதில் உன்னிடம் இருக்கும். தளங்களை ஊனமுற்றோர் பயன்படுத்த முடிகிறதா என்று சோதிப்பதுதானே உன் பிழைப்பு.

அக்கா


மார்ச் 7

அன்புள்ள அக்கா,

கடிதம் கிடைத்தது. இங்கே இரண்டு புராஜெக்ட் ஒன்றாக முடிகிற நேரம். சுருக்கமாக எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

ஜன்னலுக்கு எதிரே உட்கார்ந்து முயன்று பார். போனை ஒரு கை நீளத்தில் பிடி. சிமிட்டச் சொல்லும்போது தலையை மெல்ல இடமும் வலமும் அசை, சில மென்பொருள்களில் அதுவே போதும்.

சரிவராவிட்டால் குறைதீர் பிரிவுக்கு எழுது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் உன் பக்கம் இருக்கிறது. அரசுச் சேவை எதுவானாலும் உன்னால் பயன்படுத்த முடிகிற வடிவில் தர வேண்டியது அவர்கள் கடமை. அணுகல் தரநிலையிலும் ஒரு விதி உண்டு. முகம், கைரேகை போன்ற உடல் அடையாளத்தை ஒரே வழியாக வைக்கக் கூடாது, கட்டாயம் மாற்றுவழி வேண்டும். இந்த இரண்டையும் குறிப்பிட்டு எழுது. ஏழு நாளில் பதில் தருவார்கள்.

அந்தத் தளத்தைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. விசாரித்துப் பார்க்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


மார்ச் 17

தம்பிக்கு,

ஜன்னலுக்கு எதிரே உட்கார்ந்தேன். தலையை இடமும் வலமும் அசைத்தேன். யாராவது பார்த்திருந்தால் எதற்கோ மாட்டேன் மாட்டேன் என்கிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

பிறகு சேவை மையத்துக்குப் போனேன். அங்கே இருந்தவர் நல்ல மனிதர். முகத்துக்கு நேரே விளக்கைத் திருப்பிவைத்தார். கன்னத்தில் சூடு தெரிந்தது. "மேடம், கண்ண மட்டும் கொஞ்சம் தெறங்க" என்றார்.

"தெறக்க முடிஞ்சா உங்களப் பாத்திருப்பேனே" என்றேன்.

"நான் என்ன பண்றது மேடம், சிஸ்டம் எடுக்க மாட்டேங்குது."

அங்கிருந்து மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். ஒன்றரை மணி நேரம் கழித்து அதிகாரி கூப்பிட்டார். நீ சொன்னபடி சட்டத்தையும் தரநிலை விதியையும் எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "நீங்க சொல்றது சரிதாம்மா. சட்டத்துல இடமிருக்கு. சாஃப்ட்வேர்ல இடமில்ல" என்றார்.

"அப்ப பேப்பர்ல வாங்கிக்குங்க சார்."

"பேப்பர் வாங்குறத நிறுத்தியாச்சு. நீங்கள்லாம் இப்படி அலையக் கூடாதுன்னுதானே ஆன்லைனே கொண்டுவந்தோம்."

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைக்கிறார்.

நேற்று குறைதீர் பிரிவிலிருந்து பதில் வந்தது. தளம் அணுகல் தரநிலைக்கு முழுமையாக இணங்குவதாகத் தகுதி பெற்ற தணிக்கையாளர் சான்றளித்திருக்கிறார், எனவே என் குறை என் சாதனம் சார்ந்தது என்று எழுதியிருக்கிறார்கள். ஆதாரமாகத் தணிக்கை அறிக்கையை இணைத்திருக்கிறார்கள். அறுபத்திரண்டு பக்கம். எல்லாவற்றையும் கேட்டேன். எழுத்தின் நிறம் சரி, விசைப்பலகை சரி, படங்களுக்கு விளக்கம் சரி. நாற்பத்தோராம் பக்கத்தில் முக உறுதிப்பாடு. அதற்கு எதிரே ஒரே சொல்: "பொருந்தாது."

கடைசிப் பக்கத்தில் தணிக்கையாளர் பெயர். ஸ்கிரீன் ரீடருக்கு எல்லாப் பெயரும் ஒன்றுதான், பக்க எண்ணை வாசிக்கிற அதே குரலில்தான் உன் பெயரையும் வாசித்தது. அப்பாவின் முதலெழுத்தோடு. நான் நிறுத்தி, எழுத்தெழுத்தாக மூன்று முறை வாசிக்கவைத்தேன்.

அதிகம் தெரியாது என்று எழுதினாயே.

போன் செய்யாதே. போனில் உன் குரல் உடைந்தால் கடைசியில் நான்தான் உனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருப்பேன். அந்த வேலையை இந்த முறை என்னால் செய்ய முடியாது. எழுது.

அக்கா


மார்ச் 19

அக்கா,

பூசி மெழுகாமல் எழுத முயல்கிறேன்.

முதல் வரைவில் அந்தப் படிக்கு எதிரே நான் போட்டது "இணங்கவில்லை" என்றுதான். கீழே குறிப்பும் எழுதினேன்: கண் இல்லாதவர்களும் இமை செயல்படாதவர்களும் இந்தப் படியைத் தாண்ட முடியாது, மாற்றுவழி தேவை. அதை எழுதும்போது உன் முகத்தைத்தான் நினைத்துக்கொண்டேன்.

மேலாளர் அந்தப் பக்கத்தை மட்டும் அச்செடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். "இந்த கேமரா பாகம் வேற கம்பெனி செஞ்சது. நம்ம ஒப்பந்தத்துலயே இல்ல" என்றார்.

"அதத் தாண்டாம யாரும் உள்ள போக முடியாதே சார்."

"அதச் சொல்றது நம்ம வேலையா? இணங்குது, இணங்கல, பொருந்தாது. மூணு கட்டம் குடுத்திருக்கான்ல. மூணாவதப் போடுப்பா. அது பொய்யா? இல்லல்ல?"

பொய் இல்லைதான். போட்டேன். மாற்றுவழியைத் துறையே எப்படியும் வைத்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வைத்திருக்கிறார்களா என்று கேட்கவில்லை. நீயே அந்தத் தளத்துக்கு வருவாய் என்பதும் எனக்குத் தோன்றவில்லை. இதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. விண்ணப்பம் போடுகிற ஊனமுற்றவர்கள் என்று ஒரு கூட்டம் என் மனதில் இருந்தது. அதில் நீ இல்லை. நீ என் அக்கா, அவ்வளவுதான்.

உன் முதல் கடிதம் வந்ததுமே அறிக்கையைத் திருத்தக் கேட்டேன். திருத்தத்துக்கு நாற்பத்தைந்து வேலைநாள். உனக்கு இருப்பதோ பன்னிரண்டு நாள்.

அதனால் இதைச் சொல்கிறேன். படித்துவிட்டு அழித்துவிடு. முகத்தை முதல் முறை பதியும்போது அந்த மென்பொருள் அதைப் பழைய படம் எதோடும் ஒப்பிடுவதில்லை. எந்த முகம் வந்து நிற்கிறதோ அதையே இவர்தான் என்று எடுத்துக்கொள்கிறது. இது வேலை வழியாக எனக்குத் தெரிந்த விஷயம். எட்டாவது பக்கத்தில் மட்டும் போனைத் தையல்காரம்மாவிடம் கொடு. இரண்டு முறை சிமிட்டட்டும்.

தப்புதான். ஆனால் முதலில் வேலை நிலைக்கட்டும். பிறகு நிதானமாகச் சண்டை போடலாம்.

தம்பி


மார்ச் 29

தம்பிக்கு,

உன் யோசனையை ஒன்பது நாள் தொடவில்லை. நல அலுவலகத்துக்கு மறுபடி இரண்டு முறை போனேன். முதல் முறை அதிகாரி பயிற்சிக்குப் போயிருந்தார். பயிற்சி எதில் என்று கேட்டேன். ஊனமுற்றோருக்கான மின்னணுச் சேவை என்றார்கள். இரண்டாவது முறை அவர் இருந்தார். என் மனுவில் முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்தார். முத்திரை மேடாக இல்லை. விரலால் தடவிப் பார்த்தால் எதுவும் தெரியவில்லை.

நேற்றுக் காலை தையல்காரம்மாவைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் தயங்குவார் என்று நினைத்தேன்.

"நான் என்னதான் பண்ணணும்?"

"சும்மா ரெண்டு தடவ கண்ணச் சிமிட்டுங்க."

"அவ்வளவுதானா? இதுக்கா ஒரு மாசமா இந்த அலைச்சல் அலைஞ்ச?"

வீட்டுக்குப் போய் முகம் கழுவி, தலை சீவி, பவுடர் போட்டுக்கொண்டு வந்தார். படம் என்றால் படம்தான் என்றார். பதினொன்று பதினான்குக்குத் தொடங்கினோம். ஒன்பது நொடி. அந்தப் பெண்குரல், "வாழ்த்துகள். தங்களின் நூறு சதவீதப் பார்வையின்மை உறுதி செய்யப்பட்டது" என்றது.

 பிறகு சான்றிதழ் இறங்கியது. என் பெயர், என் பிறந்த தேதி, என் முகவரி, அவருடைய முகம். "நல்லா விழுந்திருக்கேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இதனால எனக்கு ஒண்ணும் வராதுல்ல?" என்று கேட்டார்.

வராது என்றேன். நீ சொன்னதை நம்பித்தான் சொன்னேன்.

அலுவலகத்தில் சான்றிதழ் எண்ணை மட்டும் குறித்துக்கொண்டார்கள். வேலை தப்பிவிட்டது. சந்தோஷப்பட முடியவில்லை. நம் சண்டையும் அப்படியேதான் இருக்கிறது.

அக்கா


மே 12

அன்புள்ள அக்கா,

ஆறு வாரமாக நீ எழுதவில்லை. நானும் எழுதவில்லை. இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

காலையில் மேலாளர் எல்லோரையும் கூப்பிட்டு ஒரு கடிதத்தை வாசித்தார். மறுபதிவுத் தளத்தை நடத்தும் துறை அனுப்பியது. தளம் வெற்றி பெற்றதாம். முக உறுதிப்பாடு பற்றி வந்த ஒரே புகாரும் தானாகவே தீர்ந்துவிட்டதாம். "புகார் அளித்த, இரு கண்களும் இல்லாத மருத்துவமனைத் தொலைபேசி ஊழியர், மார்ச் 28 அன்று ஒன்பது நொடியில் அதே படியை வெற்றிகரமாக நிறைவு செய்துள்ளார்" என்று எழுதியிருந்தது. மேலாளர் என் தோளைத் தட்டி, "பாத்தியா, சும்மா பயந்தியே" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அதே துறையின் இன்னும் நான்கு தளங்களைத் தணிக்கை செய்கிற வேலை எங்களுக்கே வந்திருக்கிறது. அதற்கு நான்தான் பொறுப்பு.

கைதட்டல் முடிகிற வரை நின்றுகொண்டிருந்தேன். வேறென்ன செய்ய.

முதல் வரைவு என்னிடம் இருக்கிறது, தேதியோடு. "இணங்கவில்லை" என்று நான் எழுதியதும், மேலாளர் பிறகு எழுத்திலும் மாற்றச் சொன்ன மின்னஞ்சலும். இரண்டையும் மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு அனுப்பப்போகிறேன். வேலை போனால் போகட்டும். உறை தயாராக இருக்கிறது. நீ சரி என்று ஒரு வார்த்தை எழுது.

தம்பி


மே 15

தம்பிக்கு,

அனுப்பாதே.

ஏன் என்று சொல்கிறேன். ஏப்ரல் 20-லிருந்து மருத்துவமனையில் வருகைப் பதிவு போனிலேயே, மருத்துவமனை வாசலில் நின்று முகத்தைக் காட்டித்தான். மற்றவர்களுக்கு அடையாள அட்டைப் படம். ஒதுக்கீட்டில் வந்தவர்களுக்கு மறுபதிவுத் தளத்திலிருந்து முகம் நேரடியாக வந்துவிட்டது. அதாவது, மருத்துவமனையின் கணக்கில் நான் என்பது தையல்காரம்மா.

தினமும் காலை ஏழு நாற்பதுக்கு அவர் என்னோடு வாசல்வரை வருகிறார். மதில் ஓரமாக நின்று, என் போனை வாங்கி, முகத்தைக் காட்டி, இரண்டு முறை சிமிட்டிவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறார். பிறகு பேருந்து பிடித்துத் தன் கடைக்குப் போகிறார். கண் தெரியாதவளுக்குத் துணையாக வருகிறார் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். "இந்தக் காலத்துல யாரு இப்படி வருவாங்க" என்று வாசல் காவலாளி அவரைப் புகழ்ந்தார். அவருக்கு அந்த ஒரு வார்த்தையைக் கேட்ட பயத்தில் காய்ச்சலே வந்துவிட்டது. ஒருநாள் அவர் வர முடியாமல் போனால் அன்றைக்கு எனக்குச் சம்பளமில்லாத விடுப்பு. மூன்று நாள் சேர்ந்தால் விளக்கக் கடிதம்.

நீ வரைவை அனுப்பினால் ஆணையர் முதலில் என்ன கேட்பார்? தாண்டவே முடியாத படியை அந்த ஊழியர் எப்படித் தாண்டினார் என்று கேட்பார். நான் பதினோரு முறை தோற்றது எந்தப் பதிவிலும் இல்லை. ஜெயித்த ஒன்பது நொடி இருக்கிறது, அதில் அவருடைய முகமும் இருக்கிறது. அதற்குப் பெயர் ஆள்மாறாட்டம். எனக்கு மாற்றுவழி செய்து தரும் விதியில் இயன்றவரை, தகுந்த காலத்தில் என்றெல்லாம் இழுத்திருக்கிறார்கள். ஆள்மாறாட்ட விதியில் அப்படி எந்த இழுவையும் இல்லை. தேடி வாசித்துப் பார்த்துவிட்டேன்.

உன் வேலை போனால் இன்னொன்று தேடிக்கொள்வாய். அந்த அம்மா எனக்காக இரண்டு முறை கண்ணைச் சிமிட்டியவர். அவரை எந்த வாசலில் கொண்டுபோய் நிறுத்தப்போகிறாய்?

உறையைக் கிழித்துவிடு.

அக்கா


ஜூன் 2

அக்கா,

உறையைக் கிழித்துவிட்டேன். வரைவை அழிக்கவில்லை. அனுப்பவும் இல்லை. அது கணினியில் இருக்கிறது, நான் அதற்கு எதிரே உட்கார்ந்து வேலை செய்கிறேன்.

யார் பெயரும் சொல்லாமல், கேமரா பாகத்தைச் செய்த கம்பெனிக்குப் பொதுவாக ஒரு யோசனை எழுதினேன். கண் இல்லாதவர்களுக்குக் குரலோ ரகசிய எண்ணோ வையுங்கள் என்று. பயனுள்ள கருத்து, நன்றி, இதுவரை அப்படி யாரும் சிரமப்பட்டதாகப் பதிவு இல்லை என்று பதில் வந்தது.

புதிதாக வந்த நான்கு தளங்களிலும் அதே பாகம்தான் இருக்கிறது. இந்த முறை "இணங்கவில்லை" என்றே போட்டேன். "உன் பழைய அறிக்கையே இதுக்கு எதிரா இருக்கேப்பா. எது சரின்னு நீயே முடிவு பண்ணிட்டு வா" என்று மேலாளர் அறிக்கையை என்னிடமே திருப்பிவிட்டார். அவர் கோபப்படக்கூட இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே வரட்டுமா?

தம்பி


ஜூன் 19

தம்பிக்கு,

வா. ஆனால் அதற்கு முன் இதற்குப் பதில் எழுது, உடனே.

இன்று பதினொன்று ஐந்துக்கு வெளியூர் அழைப்பு ஒன்று வந்தது. இளம்பெண்ணின் குரல், இருபத்தைந்துக்குள் இருக்கும். எந்தப் பிரிவு வேண்டும் என்று வழக்கம்போல் கேட்டேன்.

"பிரிவு தெரியலைங்க. உங்க ஆஸ்பத்திரியில டெலிபோன்ல ஒருத்தங்க வேலை பாக்குறாங்களாம். அவங்களுக்கும் கண்ணே கிடையாதாம். அவங்ககிட்ட பேசணும்."

எதற்கு என்று கேட்டேன். சொன்னாள். வங்கியில் வேலை கிடைத்திருக்கிறது. இந்த மாதம் 30-ஆம் தேதிக்குள் மறுபதிவுச் சான்றிதழ் கொடுத்தால்தான் சேர்த்துக்கொள்வார்கள். குறைதீர் பிரிவுக்கு எழுதியிருக்கிறாள். உங்களைப் போலவே இரு கண்களும் இல்லாத ஓர் ஊழியர் ஒன்பது நொடியில் முடித்திருக்கிறார், எனவே தளத்தில் குறை இல்லை என்று பதில் வந்திருக்கிறது. எங்கள் மருத்துவமனையின் பெயரையும் போட்டிருக்கிறார்கள்.

"அவங்ககிட்ட என்ன கேக்கணும்?"

"எப்படிச் சிமிட்டுனாங்கன்னு கேக்கணுங்க. நான் நாப்பது தடவ பண்ணிப் பாத்துட்டேன். அவங்களுக்கு வந்திருக்குன்னா எனக்கும் வரணும்ல? எனக்குத்தான் பண்ணத் தெரியலபோல."

தம்பி, பத்தொன்பது வருடத்தில் அழைத்தவருக்குப் பதில் சொல்லாமல் நான் இருந்ததில்லை. இன்று எவ்வளவு நேரம் சும்மா இருந்தேன் என்று தெரியவில்லை. அவள், "ஹலோ, லைன்ல இருக்கீங்களா?" என்றாள்.

இருக்கிறேன் என்றேன். அவங்க லீவுல இருக்காங்க என்றேன்.

"எப்ப வருவாங்க?"

"திங்கக்கிழம."

"சரிங்க, இதே நேரத்துக்குக் கூப்புடுறேன். ரொம்ப நன்றிக்கா. இவ்வளவு பொறுமையா யாரும் பதில் சொல்லல."

நாங்கள் செய்ததைச் சொன்னால் அவளும் யாராவது ஒருவரின் முகத்தோடு காலம் முழுக்க நடக்க வேண்டும். சொல்லாவிட்டால் தனக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டே அந்த வேலையை விடுவாள். உண்மையை வெளியே சொன்னால் தையல்காரம்மா. மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டேன். நீ தொழில் தெரிந்தவன், நாலாவது ஒன்று இருந்தால் எழுது.

திங்கட்கிழமை காலை ஷிஃப்ட் எனக்குத்தான். மாற்றிக்கொள்ள ஆள் இல்லை.

அக்கா